அதிகம் பார்த்த முகம்

ஜெசிந்தா இருபத்தாறு வருடங்கள் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவள். நீட்டப்படும் அடையாள அட்டையையும் எதிரில் இருக்கும் ஆளையும் ஒரே பார்வையில் ஒப்பிட்டுவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்துவிடுவாள். தம்பியின் அட்டையில் அண்ணன் பயணம் செய்தாலும் பிடித்துவிடுவாள். ஐம்பத்து மூன்றாவது வயதில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஓடும் ரயிலில் ஒரு வயதான தம்பதியின் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பக்கவாதம் வந்தது.

கையும் காலும் மூன்று வாரத்தில் சரியாகிவிட்டன. பேச்சு குழறவில்லை. போனது வேறு. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கட்டிலருகே நின்ற பெண்ணிடம், "சிஸ்டர், என் பொண்ணு வந்துட்டாளா?" என்று கேட்டாள். அந்தப் பெண் அழத் தொடங்கினாள். அழுகைச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அது தன் மகள் பெனிட்டா என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது.

"கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு" என்றார் டாக்டர். "கண்ணு, மூக்கு, வாய்னு தனித்தனியா எல்லாம் உங்களுக்குத் தெரியுது. அதையெல்லாம் ஒண்ணாச் சேத்து இவங்க இன்னார்னு சொல்ற இடம் ஒண்ணு மூளையில பின்பக்கமா இருக்கு. ரத்தம் போகாம அது செத்துப்போச்சு."

டாக்டர் சொன்னது வீட்டுக்கு வந்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது. கண்ணாடியில் ஒரு நெற்றி தெரியும், இரண்டு புருவம் தெரியும், அது தான்தான் என்ற நினைப்பு வராது. பெனிட்டா வேறு சுடிதார் போட்டுக்கொண்டு அறைக்குள் வந்தால் யாரோ நுழைந்துவிட்டதாகப் பதறுவாள். கோவிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு தடவை வேறு யாரோ ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்துவிட்டாள். அந்தப் பெண் பாவப்பட்டு எதுவும் சொல்லாமல் கூடவே வந்திருக்கிறாள். அதுதான் ஜெசிந்தாவுக்குத் தாங்கமுடியாத அவமானமாக இருந்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டாள்.

ஆளை அடையாளம் காணப் பழக்கும் பயிற்சி மையத்துக்கு வாரத்தில் ஆறு நாள் போக வேண்டும். பெனிட்டா கல்லூரியில் விரிவுரையாளர். அவளால் தினமும் விடுப்பு எடுக்க முடியாது. ஓட்டுநர் இல்லாத வண்டிகள் ஊருக்குள் வந்து பத்து வருடமாகியிருந்தாலும் ஜெசிந்தாவுக்கு அவை உதவவில்லை. இறங்குகிற இடத்தில் யாரிடம் போக வேண்டும் என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடுவாள். அதனால் பக்கத்துத் தெரு மாசிலாமணியின் ஆட்டோவை ஏற்பாடு செய்தார்கள். நாற்பத்தேழு வயது, ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். ஆட்டோவை நிறுத்திவிட்டு அவளை மாடி வரை கூட்டிப்போய், பயிற்சி கொடுக்கும் பெண்ணின் எதிரில் உட்கார வைத்துவிட்டுத்தான் இறங்குவார். அவர் அப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பதினைந்து மாதம் இது நடந்தது.

அந்தப் பதினைந்து மாதத்தின் நடுவில்தான் 'நேர்முகம்' வந்தது. மூக்குக்கண்ணாடியில் ஒரு சிறிய கேமரா. தலைக்குள், செத்துப்போன இடத்துக்குப் பக்கத்தில், அரிசியளவு ஒரு சில்லு. கேமரா பார்க்கும் முகத்தை அடையாளம் கண்டு, அந்த முகத்தைச் சில்லு மூளைக்குள் எழுப்பிக் கொடுக்கும். காதில் பெயர் சொல்லும் கருவி இல்லை அது. பக்கவாதத்துக்கு முன்னால் எப்படித் தெரிந்ததோ அப்படியே, யோசிக்காமல், முகம் முழுசாகத் தெரியும்.

முதலில் பழக்க வேண்டும். தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எதிரில் உட்கார, கண்ணாடி அவர்களைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். பெனிட்டா முதலில் உட்கார்ந்தாள். ஏழாவது நிமிடத்தில் சிதறிக்கிடந்தவை ஒன்றுகூடி மகளின் முகமாயின. ஜெசிந்தா எழுந்து அந்த முகத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். அன்றைக்கே மாசிலாமணியையும் உட்கார வைத்தார்கள். ஒன்பது மாதமாகத் தன்னை ஏற்றி இறக்கிய மனிதருக்கு வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். அதன்பிறகு ஆறு மாதம் தினமும் இரண்டு வேளை அந்த முகத்தைப் பார்த்தாள். பட்டியலில் இருபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள்.

அது ஐப்பசி மாதம். ஜெசிந்தா கோவிலிலிருந்து தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள். தனியாக நடப்பது அப்போது அவளுக்குப் பெருமையான விஷயம். ஆறு மணிதான், ஆனால் மழை இருட்டியிருந்தது. வாய்க்கால் பாலத்துக்கு வந்தபோது இருபதடி தூரத்தில் குடையில் முகம் மறைந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்த ஒருவன் கம்பியால் அவர் தலையில் அடித்தான். விழுந்தவரை மறுபடி ஒரு தடவை அடித்தான். பிறகு திரும்பி அவளைப் பார்த்துக் கையால் ஏதோ காட்டினான். கம்பியை வாய்க்காலில் எறிந்துவிட்டுக் கரையோடு ஓடி மறைந்தான்.

அவன் திரும்பிய அந்த நொடியில் அவளுக்கு முகம் தெரிந்தது. மாசிலாமணி. புருவத்துத் தழும்பு உட்பட.

ஜெசிந்தா வீட்டுக்கு வந்து ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். அடிபட்டவர் மருந்துக்கடை விருத்தகிரி என்றும் அவர் இறந்துவிட்டார் என்றும் மறுநாள் காலையில் தெரிந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"நல்லா தெரிஞ்சுதாம்மா?" என்று பெனிட்டா கேட்டாள்.

"இப்ப உன்னைத் தெரியிற மாதிரி தெரிஞ்சுது."

அவர் செய்த உதவிகள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. மாடிப்படியில் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்த கை அது. ஆனாலும் கண்ணால் கண்டதை மறைத்துவிட்டு எப்படி ஜெபம் சொல்வது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பத்து மணிக்குக் காவல் நிலையத்துக்குப் போனாள்.

வழக்கில் சிக்கல் எதுவும் இருக்கவில்லை. கடை வாசலில் இருந்த ஆட்டோ நிறுத்தத்தை விருத்தகிரி புகார் கொடுத்து எடுக்க வைத்திருந்தார். அதற்காக மாசிலாமணி எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டியிருந்தார். அந்த நேரத்தில் மழைக்கு மேம்பாலத்தடியில் ஒதுங்கியிருந்ததாக அவர் சொன்னார், பார்த்தவர்கள் யாருமில்லை. கண்ணாடி படங்களைச் சேமிப்பதில்லை, அது சட்டப்படி கூடாது. பெயரை மட்டும் குறித்துக்கொள்ளும். 'மாசிலாமணி, மாலை 6.04' என்று அதில் இருந்தது. கருவி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முறை சரியாக இருக்கும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. பழகியவர் என்றும் பாராமல் உண்மையைச் சொன்ன சாட்சி என்று நீதிபதி ஜெசிந்தாவைப் பாராட்டினார்.

ஆயுள் தண்டனை. அழைத்துப் போகும்போது மாசிலாமணி அவள் பக்கத்தில் ஒரு கணம் நின்றார். "நல்லா யோசிச்சுப் பாருங்கக்கா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லாதது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. செய்ததையும் செய்துவிட்டு இப்படிப் பேச முடிகிறதே என்று நினைத்தாள்.

வழக்குக்குப் பிறகு அவள் மழை நாளில் வெளியே போவதை விட்டுவிட்டாள். இரண்டு வருடம் அப்படியே போனது. பெனிட்டாவுக்குத் திருமணமாகி, அவளும் கணவனும் அதே வீட்டிலேயே இருந்தார்கள்.

மூன்றாவது வருடம், கல்லறைத் திருநாளன்று, கணவனின் கல்லறைக்குப் பூ வைக்கப் போனவள் திடீர் மழையில் மாட்டிக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்து வாசலில் மாசிலாமணி மெழுகுவத்தியை அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். பரோலில் வந்திருப்பார் என்று நினைத்தாள். ஆனால் அவருக்கு இங்கே என்ன வேலை? பயமும் இருந்தது, ஏதாவது பேச வேண்டும் என்றும் இருந்தது. கிட்டே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் திரும்பி, "யாரைக் கேக்குறீங்க?" என்றார். குரல் வேறு. ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றிப் புடவையால் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினாள். எதிரில் முன்பின் பார்க்காத ஒரு மனிதர் நின்றிருந்தார். புருவத்தில் தழும்பு எதுவும் இல்லை.

அன்றிரவு அவள் தூங்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தூறல் விழுந்தபோது வேண்டுமென்றே பேருந்து நிலையத்துக்குப் போய் நின்றாள். அரை மணி நேரத்தில் மூன்று மாசிலாமணிகளைப் பார்த்தாள்.

கம்பெனியின் சேவை மையத்தில் அமுதினி என்ற பொறியாளர் இருந்தாள். முப்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கணினியில் இணைத்துப் பார்த்துவிட்டு, லென்ஸில் ஈரம் பட்டால் சில நேரம் இப்படி ஆகும், துடைத்துக்கொண்டால் போதும் என்று முதலில் சொன்னாள். ஜெசிந்தா வழக்கைப் பற்றிச் சொன்னதும் அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"முகம் சரியா தெரியலன்னா, தெரியலன்னுதானே காட்டணும்?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"முதல்ல அப்படித்தாம்மா இருந்துச்சு. போட்டுப் பாத்தவங்க பயந்துட்டாங்க. எல்லா முகமும் தெரியுது, நடுவுல ஒருத்தருக்கு மட்டும் முகமே இல்லைன்னா எப்படி இருக்கும்? நிறையப் பேரு கழட்டி வச்சிட்டாங்க. அதனால, தெளிவா இல்லாதப்ப பட்டியல்லேர்ந்து கிட்டத்தட்ட பொருந்துற ஒரு முகத்தைக் குடுக்கிற மாதிரி மாத்துனாங்க."

"கிட்டத்தட்டன்னா?"

"ஆம்பளையா பொம்பளையா, என்ன வயசு, உடம்பு வாகு, அதை வச்சுத்தான். ரெண்டு பேர் பொருந்துனா, நீங்க அதிகமாப் பாத்த முகம் எதுவோ அது." அமுதினி நாற்காலியை ஜெசிந்தாவின் பக்கம் திருப்பினாள். "உங்க பட்டியல்ல ஆம்பளைங்க அஞ்சு பேரு. பங்குச் சாமியாருக்கு எழுபது வயசு. டாக்டர் குண்டா இருக்கார். மாடி வீட்டுக்காரர் சக்கர நாற்காலி. உங்க மாப்பிள்ளை அப்புறமா சேந்தவர். அன்னைக்கு மழையில ஒல்லியா, நடுத்தர வயசுல எந்த ஆம்பளை நின்னிருந்தாலும் உங்களுக்கு மாசிலாமணியாத்தான் தெரிஞ்சிருப்பார்."

"அப்ப நான் பாத்தது?"

"நீங்க யாரையும் பாக்கலம்மா."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோது ஜெசிந்தாவுக்கு ஒன்றுதான் திரும்பத் திரும்ப ஓடியது. வேறொரு ஆட்டோக்காரராக இருந்தால் வாசலில் இறக்கிவிட்டுப் போயிருப்பார். அவர் முகம் பட்டியலில் ஏறியே இருக்காது.

மறுநாள் மாசிலாமணியின் வீட்டைத் தேடிப் போனாள். அவர் மனைவி செல்லக்கண்ணு தையல் மிஷினிலிருந்து எழுந்திருக்காமலேயே எல்லாவற்றையும் கேட்டாள். முடித்ததும், "இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். இருவரும் சேர்ந்துதான் வக்கீல் ராஜகுமாரியிடம் போனார்கள். ராஜகுமாரி இலவச சட்ட உதவியில் வழக்கு நடத்துகிறவர். மனு போட்டார்.

மனு போட்ட வாரமே கம்பெனியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். மிரட்டவில்லை. நாடு முழுக்க நாற்பதாயிரம் பேர் இதைப் போட்டிருக்கிறார்கள் என்றார். அதில் கைக்குழந்தைக்காரிகள் இருக்கிறார்கள், பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கருவியை நம்ப முடியாது என்று தீர்ப்பு வந்தால் மறுநாளே எல்லோருடையதையும் நிறுத்த வேண்டியிருக்கும் என்றார். அவளுடைய சில்லை மட்டும் செலவில்லாமல் புதிதாக மாற்றித் தருவதாகவும் சொன்னார். மாசிலாமணியைப் பற்றிக் கேட்டதற்கு, அது நீதிமன்றத்து விஷயம் என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஜெசிந்தாவை அதுதான் அழுத்தியது. முகமில்லாமல் இருப்பது என்னவென்று அந்த மனிதருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

அவர் போன பிறகு பெனிட்டா அவள் காலடியில் வந்து உட்கார்ந்தாள். ஆறாம் மாதம் அவளுக்கு.

"அம்மா, பொறக்கப்போற பிள்ளையை நீ பாக்க வேண்டாமா? மறுபடி என்னை யாரோன்னு பாப்பியா?"

ஜெசிந்தா அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். விசாரணை நாளன்று விடியற்காலையிலேயே கிளம்பினாள்.

மேல்முறையீட்டில் அவளைக் கேள்வி கேட்ட அரசு வக்கீல் மரியாதையாகவே பேசினார். அமுதினி வேலையை விட்டுவிட்டாள், எங்கிருக்கிறாள் என்று தெரியவில்லை. முகங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் கண்ணாடியின் மற்ற குறிப்புகளும் தொழில் ரகசியம் என்று கம்பெனி மனு கொடுத்திருந்தது. ஆகவே ஜெசிந்தாவின் வார்த்தையைத் தவிர வேறெதுவும் இல்லை.

"அன்னைக்கு நீங்க பாத்தது மாசிலாமணி இல்லைன்னு உறுதியா சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க."

"வேற யாருன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது."

"கருவி இல்லாம, இந்த அறையில இருக்கிற யாரையாவது உங்களால அடையாளம் சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அப்ப நீங்க எதைச் சொல்ல வந்திருக்கீங்கம்மா?"

"நான் யாரையும் பாக்கலன்னு."

தீர்ப்பு ஐந்து வாரம் கழித்து வந்தது. கருவியின் உதவியில்லாமல் எந்த முகத்தையும் அறிய முடியாத ஒருவர், கருவி தவறாகக் காட்டியது என்று சொல்வதை ஏற்க முடியாது என்றார்கள். தொண்ணூற்றெட்டு சதவீதம் என்ற கணக்கும் அதில் இருந்தது. மனு தள்ளுபடி. நாற்பதாயிரம் பேரின் கண்ணாடிகளும் வேலை செய்துகொண்டிருந்தன.

தன் கருவியை நிறுத்தச் சொல்லி ஜெசிந்தாவை யாரும் கேட்கவில்லை. தானாகவே சேவை மையத்துக்குப் போனாள். பெனிட்டா தடுத்துக்கொண்டே கூட வந்தாள். கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்னால் ஜெசிந்தா மகளை நிமிர்ந்து பார்க்கச் சொன்னாள். வெகுநேரம் பார்த்தாள். இந்த முகமாவது மகளுடையதுதானா, பட்டியலிலிருந்து எடுத்து நீட்டியதா என்று சில மாதங்களாக அவளைப் பிடித்தாட்டும் சந்தேகம் அப்போதும் வந்தது. சில்லு அணைந்ததும் இரண்டு கண்கள் அழுதுகொண்டிருந்தது தெரிந்தது. யாருடையவை என்று தெரியவில்லை.

மாசிலாமணி அதுவரை அவளைப் பார்க்க மறுத்துக்கொண்டிருந்தார். இந்தச் செய்தி போன பிறகு வரச் சொல்லியிருப்பதாகச் செல்லக்கண்ணு வந்து சொன்னாள். தனியாகப் பேச வேண்டுமாம்.

சிறையின் சந்திப்பு அறையில் வரிசையாகக் கண்ணாடித் தடுப்புகள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரே மாதிரி வெள்ளை உடையில் ஆண்கள். காவலர் ஒருவர் நான்காவது இடத்தைக் காட்டினார். ஜெசிந்தா உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தாள்.

"சாப்பிட்டீங்களாக்கா?" அவர் குரல்தான்.

சாப்பிட்டதாகச் சொன்னாள். பெனிட்டாவுக்கு எத்தனையாவது மாதம் என்று விசாரித்தார். பிள்ளை பிறந்துவிட்டது, பெண் குழந்தை என்றாள்.

"பிள்ளை முகம் தெரியுதா?"

"இல்ல."



"மிஷினை மறுபடி மாட்டிக்கங்க" என்றார். "நீங்க அன்னைக்குப் பாத்தது என்னைத்தான். அவர் எங்க பொழப்பைக் கெடுத்தாரு. மழையில தனியா நின்னாரு. கம்பியால ரெண்டு அடி அடிச்சேன், வாய்க்கால்ல வீசிட்டு ஓடிட்டேன். நீங்க சொன்னதுல தப்பே இல்லக்கா. இனி அலையாதீங்க."

ஜெசிந்தா தடுப்புக்கு அப்பால் பார்த்தாள். புருவத் தழும்பு தெரிந்தது. உதடு தெரிந்தது, அது லேசாக அசைந்தது. கண்கள் தெரிந்தன. அவற்றைச் சேர்த்து, இவர் உண்மை சொல்கிறாரா, தனக்காகப் பொய் சொல்கிறாரா என்று பார்க்க அவளால் முடியவில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் குற்றப்பத்திரிகையில் இருப்பதுதான்.

குற்றப்பத்திரிகையில் இல்லாத ஒன்று அவளுக்குத் தெரியும். யாரும் கேட்காததால் அவளும் சொன்னதில்லை.

"கம்பியை வீசுறதுக்கு முன்னாடி அந்த ஆள் என்னைப் பாத்து கையால ஒண்ணு காட்டுனான். நீங்கன்னா சொல்லுங்க. என்ன காட்டுனீங்க?"

பக்கத்துத் தடுப்பில் யாரோ ஒரு பெண் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஞாபகம் இல்லக்கா. அந்த நேரத்துல என்ன செஞ்சோம்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

நேரம் முடிந்துவிட்டதாகக் காவலர் சொன்னார். தடுப்புக்கு அந்தப் பக்கம் எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். வெள்ளை உடைகள் ஒன்றோடொன்று கலந்து கதவை நோக்கிப் போயின.

வெளியே வேப்பமரத்தடியில் ஐந்தாறு பெண்கள் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி அவளை நோக்கி வந்து, "என்னக்கா சொன்னாரு?" என்றாள். செல்லக்கண்ணு.

மூன்று வருடமாக இந்தப் பெண்ணிடம் 'நான் செய்யலை' என்ற ஒன்றைத்தான் அவர் சொல்லி வந்திருக்கிறார். அதை நம்பித்தான் இவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள்.

"குழந்தையை விசாரிச்சார்" என்றாள் ஜெசிந்தா.

செல்லக்கண்ணு தலையாட்டினாள். இன்னும் ஒரு மறுஆய்வு மனு போடலாம், ஆனால் சாட்சி மறுபடி வருவாரா என்று வக்கீல் கேட்கச் சொன்னதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வராவிட்டாலும் தனக்கு வருத்தமில்லை, ஜெசிந்தா ஏற்கனவே நிறைய இழந்தாயிற்று என்றாள்.

அவர் செய்தாரா, செய்யவில்லையா என்பது இனி எப்போதும் தனக்குத் தெரியப்போவதில்லை என்று ஜெசிந்தாவுக்குப் புரிந்திருந்தது. அவர் வாயாலேயே சொல்லியும் தெரியவில்லை.

"எந்தத் தேதின்னு கேட்டுச் சொல்லு" என்றாள். "நான் பாக்கலங்கிறது மாறலையே."

செல்லக்கண்ணு அவள் முழங்கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தாள்.